படையலில் வைத்த மாட்சா

பால் சொசைட்டியில் டெஸ்டராக இருந்தவனுக்கு ஊரில் நல்ல பெயர் இருக்க முடியாது. எனக்கும் இருந்ததில்லை. காலையிலும் சாயங்காலமும் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் பங்காளிகள், ஒரே தெருக்காரர்கள். அவர்கள் பாலில் பால்மானியை விட்டுப் பார்த்து, "தண்ணி இருக்குது, எடுத்துக்கினு போ" என்று சொல்ல வேண்டிய வேலை என்னுடையது. சிலர் கெட்டிக்காரர்கள். தண்ணீர் கலந்தால் பால்மானி காட்டிவிடும் என்று தெரிந்து, அதைச் சரிக்கட்டச் சர்க்கரையையும் கலந்துகொண்டு வருவார்கள். அதற்கும் சோதனை உண்டு. மருந்தைப் போட்டுச் சுடவைத்தால் சர்க்கரை கலந்த பால் சிவந்து போகும். என் மச்சானின் பாலே ஒருநாள் அப்படிச் சிவந்தது. ஊர் பார்க்கத் திருப்பி அனுப்பினேன். அவர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வரப் பல காலம் ஆயிற்று.

அந்தப் புத்தி வீட்டிலும் என்னை விடாது. மிளகாய்த்தூள் வந்தாலும் மோந்து பார்ப்பேன், நல்லெண்ணெய் வந்தாலும் விரலில் தேய்த்துப் பார்ப்பேன். "கட்டிக்கினு வந்தப்ப என்னயும் இப்டித்தான் மோந்து பாத்தீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். மகள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த மகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊர் குருவிநத்தம். அவள் படித்து முடித்ததும் பாண்டியில், பீச்சுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு கேக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கேக்கும் பிஸ்கட்டும் செய்வாள், காபி போடுவாள். காலையில் பாகூர் வழியாகப் போகிற பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். நான் சொசைட்டிக் கணக்கை முடித்துக்கொண்டு வருவதற்கும் அவள் பஸ் வருவதற்கும் சரியாக இருக்கும். தெருமுனையில் இறங்கும்போதே "யப்பா..." என்று ஒரு இழுப்பு இழுப்பாள். அந்த இழுப்பில் அன்றைக்கு வேலை லேசா கஷ்டமா என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் கைப்பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இத டெஸ்ட் பண்ணு, பாக்கலாம்" என்றாள். திறந்தேன். பச்சைத்தூள். மருதாணிப் பொடி என்று நினைத்தேன், ஆனால் மருதாணிக்கு அத்தனை பச்சை கிடையாது. முளைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆன நாற்றங்காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் பார்த்தால் ஒரு பச்சை தெரியுமே, அது. விரலில் தேய்த்தேன். நரநரப்பே இல்லை, முகப்பவுடர் போலத் தோலோடு ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தேன். மாட்டுக்கு அறுத்துப் போட்ட பசும்புல் வாசனை, அதற்கு அடியில் லேசாகக் கடல் வாசனை.

"கலப்படம் இல்ல. ஆனா இன்னான்னு தெரியல" என்றேன்.

"டீத்தூள்பா. மாட்சா. ஜப்பான்ல போடுறது. எலைய நெழல்ல வளத்து, காய வச்சு, கல்லுல அரைப்பாங்க. எலையவே குடிக்கிறோம், வடிகட்டிக் கீழ போடுறதுக்கு ஒண்ணும் இல்ல."

அன்றைக்கே போட்டுக் கொடுத்தாள். டீத்தூளைப் போல இதைக் கொதிக்கவிடக் கூடாதாம். தண்ணீரை அடுப்பில் வைத்து, அடியில் சின்னச் சின்னக் குமிழி வரும்போதே இறக்கிவிட்டாள். தூளை டீ வடிகட்டியில் போட்டுத் தட்டித் தட்டிச் சலித்தாள். கேழ்வரகு மாவைக் கூழுக்குக் கரைப்பது மாதிரி கொஞ்சம் தண்ணீரில் முதலில் கட்டி இல்லாமல் குழைத்தாள். கடையில் இதற்கென்று மூங்கிலில் குட்டித் துடைப்பம் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்களாம். எங்கள் வீட்டில் இருந்தது மோர் கடைகிற சின்ன மத்து. அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி நுரை வரக் கடைந்தாள். கடைசியில் எங்கள் மாட்டுப் பாலைச் சுடவைத்து ஊற்றினாள். சர்க்கரை போடவில்லை.

குடித்தேன். முதல் வாயில் பால்தான் தெரிந்தது. அப்புறம் கசப்பு மெதுவாக வந்து நாக்கின் பின்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. "கொஞ்சம் சக்கரை போடேன்" என்றேன். "சக்கரை போட்ட பால நீ திருப்பி அனுப்புவ இல்ல? நான் மட்டும் உனக்குக் கலந்து குடுக்கணுமா?" என்றாள். வாயை மூடிக்கொண்டு குடித்தேன். சில நாளில் பழகிவிட்டது, பிறகு பிடித்தும் விட்டது. சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் பின்கட்டில், மாட்டுக் கொட்டகைக்கு எதிரே உட்கார்ந்து அதைக் குடிப்போம். அவளும் சர்க்கரை இல்லாமல்தான் குடிப்பாள்.

என் மனைவி மட்டும் அதைத் தொட்டதில்லை. "பாசி புடிச்ச கொளத்துத் தண்ணிய அப்பனும் பொண்ணும் சேந்து குடிக்கிறதப் பாரு" என்பாள். மகள் டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போவாள். "ஒரே ஒரு வாய்மா." "போடி அந்தாண்ட." இது ஒரு விளையாட்டாகவே நடந்தது. என்றைக்காவது ஒருநாள் குடிக்கப் போகிறாள் என்றுதான் மூன்று பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

மகளிடம் சின்ன கரண்ட் அடுப்பு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் பச்சை பிஸ்கட் செய்வாள். முதல் தடவை செய்தது அடுப்பிலிருந்து சருகு நிறத்தில் வெளியே வந்தது. சூட்டில் அந்தப் பச்சை மங்கிவிடும், கொஞ்சம் கூடுதலாகப் போட்டுச் சூட்டைக் குறைக்க வேண்டும் என்று அடுத்த வாரம் கண்டுபிடித்தாள். தூளை வாங்குவதற்கும் அவளிடம் சட்டம் இருந்தது. பெரிய டப்பா வாங்கவே கூடாது, திறந்தால் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது. மூடி சரியாக இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒருநாள் என் மனைவி அதை ஃபிரிட்ஜில் மீன்குழம்புக்குப் பக்கத்தில் சரியாக மூடாமல் வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் நாங்கள் குடித்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பினோம், பார்த்துக்கொண்ட டாக்டர்களும் அப்படித்தான் நம்பினார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குறை சொல்ல யாராவது இருந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று நினைத்ததுண்டு. அவளுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு என் மனைவி அவள் போட்டோவைச் சாமி அலமாரியில் வைத்தாள். பக்கத்தில் அவள் வளையல், அவள் திறந்து பாதி வரை உபயோகித்திருந்த மாட்சா டப்பா. தினமும் அங்கே விளக்கேற்றி ஊதுவத்தி வைப்பாள். வெள்ளிக்கிழமையில் கற்பூரம் காட்டுவாள். டப்பாவை மட்டும் நாளைக்கு ஒருமுறையாவது திறந்து பார்த்து மூடுவாள். அதற்கு வெளிச்சமும் சூடும் வாசனையும் ஆகாது என்று எனக்குத் தெரியும். மகள் சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகியிருந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

இந்த வருஷம் மகனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மகளுக்கு இளையவன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிட வேண்டும். ஆற்றங்கரைக்கோ கிணற்றடிக்கோ போய், பம்பை அடித்து அழைத்து, கலசத்தில் தண்ணீர் மொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப்புடவையும் பூவும் வளையலும் அவளுக்குப் பிடித்த பலகாரமும் வைத்துப் படைக்க வேண்டும். வீட்டில் யார் மேலாவது அவள் வந்து, நடத்துங்கள் என்று சொன்னால் மனசு நிறையும். அதுவரை எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி, எங்களில் யாரும் பார்த்திராத, என் தாத்தாவின் தங்கையோ யாரோ. பெயர்கூடத் தெரியாது. தெரியாத ஒருத்திக்குப் புடவை வைத்துக் கும்பிடுவது எத்தனை சுலபமான காரியம் என்பது எனக்கு இந்த வருஷம்தான் புரிந்தது.

"அவ வருவாளா?" என்று என் மனைவி கேட்டாள். கல்யாணத் தேதி குறித்த நாளிலிருந்து அது ஒன்றுதான் அவள் பேச்சு. மண்டபம், சாப்பாடு, சம்பந்தி வீட்டாருக்குத் துணி எடுப்பது எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு இதற்கே வந்து நிற்பாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மகளுக்குப் பேச்சு இல்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என் மனைவி இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள் என்பதும், படையலன்று அது கிடைக்காமல் போனால் அவள் மகன் கல்யாணத்தில் வெறும் உடம்பாகத்தான் நிற்பாள் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. எனக்கு அந்த மாதிரி விஷயங்களில் பெரிய நம்பிக்கை கிடையாது. இல்லை என்று அடித்துச் சொல்லவும் தெம்பு இல்லை.

"அந்த டீய வைக்கணும்ங்க. அது இல்லன்னா அவ வர மாட்டா" என்றாள். நான் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். பச்சை போயே போய்விட்டது. வைக்கோல் நிறம். மோந்தால் கற்பூரமும் ஊதுவத்தியும்தான் இருந்தன. என் தொழிலில் இதைத் திருப்பி அனுப்ப ஒரு நொடி போதும்.

"இது ஆவாது. வேற வாங்கியாரன்."

"அவ கை பட்டதுங்க அது."

"அதுக்குத்தான் சொல்றன். இத அவளுக்குக் குடுத்தா அவளே திட்டுவா."

அதைக் கேட்டு என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். டப்பாவை வாங்கி மறுபடி போட்டோ பக்கத்தில் வைத்தாள்.

பாண்டிக்குப் போனேன். முதலில் ஒரு பெரிய கடை. மாட்சா என்று எழுதி அழகான பாக்கெட் வைத்திருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் என்னென்ன கலந்திருக்கிறது என்று படித்தேன். முதல் பெயரே சர்க்கரை. அடுத்தது பால் பவுடர். மாட்சா மூன்றாவதாக, போனால் போகிறது என்று நின்றுகொண்டிருந்தது. சொசைட்டியை விட்டு வந்த பிறகும் இது நம்மை விடாது போலிருக்கிறது என்று வைத்துவிட்டு வந்தேன். இயற்கை உணவு விற்கிற இன்னொரு கடையில் சுத்தமான தூள் என்று ஒன்றைத் திறந்து காட்டினார்கள். முருங்கைக்கீரைப் பொடிக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. விரலில் தேய்த்தால் மணல் போல உரசியது. வெளியே வெயிலில் நின்றேன். அதற்கப்புறம் போக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அந்தத் தெருப் பக்கம் இரண்டு வருஷமாக நான் போகவில்லை.

அவள் வேலை பார்த்த கடையில், அவளோடு கூட நின்ற பெண் இன்னும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டு கவுண்டரை விட்டு வெளியே வந்தாள். படையல், பூவாடைக்காரி என்றெல்லாம் நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள். உள்ளே போய் இரண்டு டப்பா கொண்டுவந்து இரண்டையும் திறந்து வைத்தாள். இரண்டும் நல்ல பச்சை. ஒன்று இன்னும் ஒரு படி வெளிச்சமான பச்சை, மோந்தால் லேசாக ஒரு தித்திப்பு. நான் அதைத் தொட்டேன்.

"அது வெறும் தண்ணில கலந்து குடிக்கிறது அங்கிள். ஒசத்தி. ஆனா அவ எப்பவும் வாங்கறது இதுதான்" என்று மற்றதைத் தள்ளினாள். "சமையலுக்குன்னு வர்றது. கேக்குக்கு, பிஸ்கட்டுக்கு, பால்ல போடுறதுக்கு. கசப்பு கொஞ்சம் கூட இருக்கும். நான்கூட ஒருநாள் கேட்டன், ஸ்டாஃபுக்குக் கொறச்சித் தராங்களே, நல்லதையே எடுத்துக்கினு போயேன்டின்னு. அதுக்கு அவ, இல்லடி, எங்கூட்டுப் பால் அவ்ளோ கெட்டி, எங்கப்பா டெஸ்ட் பண்ண பாலு, அதுக்கு முன்னாடி இந்த ஒசத்தியெல்லாம் காணாம பூடும், இந்தத் தூளுதான் அந்தப் பாலுக்கு ஈடு குடுக்கும்னா."

நான் அந்த டப்பாவை வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் எனக்குக் குடிக்க ஏதோ கொண்டுவந்தாள், அது என்னவென்று நினைவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாகூர் வரும் வரை அழுதேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

படையல் வெள்ளிக்கிழமை காலையில். என் தங்கை முதல் நாளே வந்துவிட்டாள். மகளைச் சின்ன வயதில் இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள். கலசம் அவள்தான் தூக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. பெண்ணையாற்றில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. பம்பைக்காரர் நின்று அடித்துப் பாடி அழைத்தார். மகன் ஈரத்துண்டோடு கைகூப்பி நின்றான். தங்கை கலசத்தில் தண்ணீர் மொண்டு பூச்சுற்றித் தலையில் வைத்தாள். கரையில் எதுவும் நடக்கவில்லை. என் மனைவி தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள், கல் தடுக்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் அடுப்படிக்குப் போனேன். பொங்கல், கொழுக்கட்டை, சுண்டல் எல்லாம் மனைவி காலையிலேயே குளித்துவிட்டுச் செய்து வைத்திருந்தாள். டீ மட்டும் என் வேலை. "அவ எப்டி குடிப்பாளோ அப்டியே போடுங்க" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். படையலுக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. ஆகவே கையையும் கண்ணையும் நம்பித்தான் செய்ய வேண்டும். குமிழி வரும்போது தண்ணீரை இறக்கினேன். சலித்தேன், குழைத்தேன், மத்தை உருட்டினேன். நுரை அவளுக்கு வந்த மாதிரி வரவில்லை. காலையில் கறந்த பாலைச் சுடவைத்து ஊற்றினேன். சர்க்கரை டப்பா பக்கத்திலேயே இருந்தது. சாதா டீ போடுகிற பழக்கத்தில் கை அதன் பக்கம் போயிற்று, இழுத்துக்கொண்டேன். அவள் குடித்த மாதிரியே, சர்க்கரை இல்லாமல், அவளுடைய சில்வர் டம்ளரில் ஊற்றி இலையோரம் வைத்தேன்.

கற்பூரம் ஏற்றியதும் பம்பை வேகம் எடுத்தது. என் தங்கையின் தோள் முதலில் ஆடியது. பிறகு தலை. கூந்தல் அவிழ்ந்தது. பம்பைக்காரர் "யாரும்மா வந்திருக்கறது?" என்று கேட்டார்.

"யப்பா..." என்றாள் தங்கை.

அதே இழுப்பு. தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்குகிற இழுப்பு. நம்பிக்கை இல்லை என்று மேலே எழுதினேனே, அதெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போயிற்றோ தெரியாது. வந்துவிட்டாள் என்றே நான் நம்பினேன். ஓடிப்போய்க் கையிலிருக்கும் பையை வாங்க வேண்டும் போல இருந்தது.

என் மனைவி தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கியாடி?"

"நல்லா இருக்கறம்மா. அழுவாத."

"தம்பிக்குக் கல்யாணம் வச்சிருக்கறோம். பண்ணலாமாடி?"

"பண்ணுங்க. நான் முன்ன நின்னு நடத்துறன்."

"உனக்குன்னு டீ வச்சிருக்குது பாரு. உங்கப்பா போட்டாரு. குடிச்சியாடி? நல்லா இருந்துச்சா?"

"குடிச்சம்மா. நல்லா இனிப்பா இருந்துச்சு."

என் மனைவி ஓவென்று அழுதாள். இரண்டு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் வெளியே வந்தது. மகன் குனிந்து அவளைப் பிடித்துக்கொண்டான். கூடியிருந்த எல்லோரும் அழுதார்கள், சந்தோஷமாக அழுதார்கள். நான் மட்டும் அழவில்லை. இனிப்பா? அதில் ஒரு துளி சர்க்கரை இல்லையே. அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கிடைத்த மகள் எனக்கு மறுபடியும் போனாள். முதல் தடவை போனதைவிட இது வலித்தது என்று சொன்னால் பொய், ஆனால் அதே இடத்தில்தான் வலித்தது.

என் தங்கை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் நடித்தாள் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணை நினைத்து நினைத்து உருகியவள், அந்த நேரத்தில் அண்ணிக்கு எது வேண்டுமோ அது அவள் வாயில் வந்திருக்கும். மருள் இறங்கியதும் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, ஒன்றும் நினைவில்லை என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பம்பைக்காரருக்கு வெற்றிலைபாக்கு வைத்துக் கொடுக்க என் மனைவி வாசலுக்குப் போனாள். போகும்போது திரும்பி, "அந்த டீய யாருக்கும் குடுக்காதீங்க. அவ குடிச்ச மிச்சம், நான் குடிக்கணும்" என்றாள். இரண்டு வருஷத்தில் நான் பார்க்காத ஒரு முகம் அவளுக்கு அப்போது இருந்தது. எத்தனையோ நாள் மகள் பின்னாலேயே நடந்து கெஞ்சிய அந்த ஒரு வாயை இன்றைக்குக் குடிக்கப் போகிறாள். குடித்தால் கசக்கும். கசந்த உடனே அவளுக்கும் தெரிந்துவிடும்.

டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஆறிப்போய், மேலே ஆடை படிந்திருந்தது. சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். ஆயுசு முழுக்க ஊர்க்காரர்களின் பாலில் எதைத் தேடித் தேடிப் பிடித்தேனோ, மச்சானைக்கூட எதற்காக வாசலில் நிறுத்தினேனோ, அதை இரண்டு கரண்டி அள்ளி என் மகளுக்குப் படைத்த பாலில் போட்டேன். ஆறிய பாலில் சர்க்கரை சீக்கிரம் கரையாது. முடிந்த வரை கலக்கினேன். வாசலில் அவள் குரல் கேட்டதும் கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு, டம்ளரைக் கொண்டுபோய் இலையோரம் வைத்துவிட்டு நின்றேன்.

அவள் வந்து போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு வாய் குடித்து நிறுத்தினாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் படையலில் வைத்த புதுப்புடவையின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி குடித்தாள். அடியில் கரையாமல் கிடந்தது வரைக்கும் குடித்தாள்.

"ஆமாங்க. இனிப்பாத்தான் இருக்குது" என்றாள்.

"ம்" என்றேன்.

டம்ளரைக் கழுவ அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், எதற்கென்று தெரியவில்லை. மேடைமேல் சர்க்கரை டப்பா திறந்து கிடந்தது. அவசரத்தில் நான் மூடியிருக்கவில்லை. பக்கத்தில் கொஞ்சம் சிந்தியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சிந்தியதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். டப்பாவை எடுத்து மூடி, எப்போதும் இருக்கிற இடத்தில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "வாங்க, டைம் ஆச்சு, எல போட்டு எல்லாருக்கும் சாப்பாடு வைக்கணும்" என்றாள்.